ஆறாவது ஆள்

அச்சில் வந்துவிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில் நான் பொய் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு பேரின் வாய்த் திசுவை வைத்துச் செய்த ஆய்வு அது. அதில் ஒருவருடைய சாம்பிளை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஆர்.என்.ஏ. தரம் போதவில்லை என்று காரணம் எழுதினேன். தரம் போதுமானதாகவே இருந்தது. அந்த ஆளைச் சேர்த்தால் எனக்கு வேண்டிய முடிவு வரவில்லை, அதுதான் காரணம். இதை மறைப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் எதுவும் தேவைப்படவில்லை. என்ன செய்தேன், எந்த வரிசையில் செய்தேன் என்று எங்கேயும் எழுதி வைக்காமல் இருந்தேன். அதுவே போதுமாக இருந்தது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது நடந்தது இது. எந்தக் கல்லூரி என்பது வேண்டாம்; தப்பு என்னுடையது. அங்கே புறநோயாளிப் பிரிவில் வாய் திறக்க முடியாமல் வருகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். திருமழிசை சிட்கோவில் லோடு இறக்குகிறவர்கள், பைபாஸ் ஓரம் லாரியை நிறுத்திவிட்டு வருகிறவர்கள், கட்டட வேலைக்காக வடக்கிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். வருஷக்கணக்கில் பாக்கையோ புகையிலை கலந்த மாவாவையோ கன்னத்தில் அடக்கி அடக்கி, உள்சவ்வு நார்நாராக இறுகியிருக்கும். மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க வேண்டிய வாயில் ஒன்றரை விரல் போவதே கஷ்டம். கொஞ்சம் காரம் பட்டாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று சீட்டில் எழுதுவார்கள். இந்த இறுக்கம் வந்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் வாய்ப்புற்று வருகிறது. புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. இறுகிய திசுவுக்குள் எந்தெந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்பதுதான் எங்கள் கேள்வி.

மனித உடலில் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ இருபதாயிரம். எல்லாம் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. வேலை செய்கிற மரபணு ஆர்.என்.ஏ. பிரதிகளை எடுத்துத் தள்ளும். பிரதிகளை எண்ணிவிட்டால் எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். கடுகளவு திசுவிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதை டி.என்.ஏ.வாக மாற்றி, துண்டுபோட்டு இயந்திரத்தில் படிக்கக் கொடுத்தால் ஒரு சாம்பிளுக்கு இரண்டு மூன்று கோடித் துண்டுகளாவது எழுத்தாகத் திரும்பி வரும். அதற்குப் பெயர் ஃபாஸ்ட்க்யூ கோப்பு. பிறகுதான் கணினி வேலை. ஃபாஸ்ட்க்யூசி என்ற மென்பொருளில் தரம் பார்க்க வேண்டும். ஓரங்களில் ஒட்டியிருக்கும் அடாப்டரை வெட்ட வேண்டும். ஸ்டாரோ ஹைசாட்டோ வைத்து ஒவ்வொரு துண்டும் மனித மரபணுத் தொகுதியில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று பொருத்த வேண்டும். ஃபீச்சர்கவுண்ட்ஸ் எண்ணிக் கொடுக்கும். கடைசியில் டிசெக்2 இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் காட்டும் மரபணுக்களைப் பட்டியல் போடும்.

படிகள் ஆறேழுதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஆள் உட்கார்ந்து ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மரபணுத் தொகுதியில் 2009-ல் வந்த பதிப்பா, 2013-ல் வந்ததா? மரபணுக்களின் எல்லைகளைச் சொல்லும் குறிப்புக் கோப்பில் எந்த வெளியீடு? இழையின் திசையைக் கணக்கில் எடுப்பதா, விடுவதா? எத்தனை எண்ணிக்கைக்குக் கீழே போனால் அந்த மரபணுவைத் தள்ளிவிடுவது? இத்தனைக்கும் கருப்புத் திரையில் கட்டளையைத் தட்டி என்டர் அழுத்துவேன். பலித்தால் அடுத்த படி, பலிக்காவிட்டால் எண்ணை மாற்றி மறுபடி. எதற்குப் பிறகு எது வந்தது, எது நிலைத்தது, எது கைவிடப்பட்டது என்ற கணக்கு என் தலைக்குள் மட்டும் இருந்தது. தலைக்குள் இருப்பதும் கொஞ்ச நாளைக்குத்தான்.

முதல் தப்பு சின்னது. நோயாளிகளின் கூட்டத்துக்கு 'ஃபைப்ரோசிஸ்' என்றும் மற்றவர்களுக்கு 'நார்மல்' என்றும் ஆங்கிலத்தில் பெயர் கொடுத்திருந்தேன். எதை அடிப்படையாக வைத்து எதை ஒப்பிட வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், அகரவரிசையில் முதலில் வருவதையே டிசெக்2 அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். 'எஃப்' முன்னால் வரும், 'என்' பின்னால் வரும். ஆக, நோயாளியை அளவுகோலாக வைத்து, நலமாக இருப்பவரிடம் எது கூடுதல், எது குறைவு என்று அது கணக்குப் போட்டுக் கொடுத்தது. திசு நாராக இறுகும் நோயில் கொலாஜன் கூடத்தான் வேண்டும். என் பட்டியலில் கொலாஜன் மரபணுவான சிஓஎல்1ஏ1 மைனஸில் நின்றது. பார்த்ததும் புரிந்துவிட்டது. நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். நான் எக்செல்லைத் திறந்து அந்த நெடுவரிசை முழுவதையும் மைனஸ் ஒன்றால் பெருக்கினேன்.

பின்னால் இணைப்பு அட்டவணைக்காக மறுபடி ஓட்டியபோது புத்தி வந்து அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். ஆனால் பழக்கதோஷம், எக்செல்லிலும் பெருக்கினேன். கட்டுரையின் முதல் அட்டவணையில் ஏறிய மரபணு இணைப்பு அட்டவணையில் இறங்கியது. நான் கவனிக்கவில்லை. கட்டுரையைப் பரிசீலித்த ரிவ்யூவர்களும் கவனிக்கவில்லை. அப்படியே அச்சாகிவிட்டது.

இரண்டாவது தப்பைச் சின்னது என்று சொல்ல முடியாது. சாம்பிள்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க ஒரு படம் வரைவோம். ஒத்தவை பக்கத்தில் பக்கத்தில் புள்ளியாக விழும். நோயாளிகள் ஆறு பேர், நலமானவர்கள் ஆறு பேர். நோயாளிகளில் ஐந்து பேர் இடப்பக்கம் கூட்டமாக விழுந்தார்கள். ஆறாவது ஆள் வலப்பக்கம் போய் நலமானவர்களோடு சேர்ந்துகொண்டார். அவரையும் சேர்த்து ஒப்பிட்டால் நாற்பது சொச்சம் மரபணுக்கள்தான் தேறின. அவரை எடுத்துவிட்டு ஓட்டினேன். முந்நூறைத் தாண்டியது. கொலாஜன், வீக்கம், காயம் ஆறுதல் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல வகை வகையாகப் பிரிந்தும் நின்றது. ஆறாவது ஆளை 'அவுட்லையர்' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஏன் அவர் அங்கே போய் விழுந்தார் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடுமோ என்ற பயம் உள்ளே இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு ரிவ்யூவர் ஒற்றை வரியில் கேட்டிருந்தார்: ஆறு பேரிடம் திசு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அட்டவணையில் ஐந்து பேர்தானே இருக்கிறார்கள்? தரம் போதவில்லை என்று பதில் எழுதினேன். ஆர்.என்.ஏ. எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்பதை ரின் என்ற எண்ணால் சொல்வார்கள். 1 என்றால் முழுக்கச் சிதைந்தது, 10 என்றால் முழுசாக இருப்பது. 7-க்கு மேல் இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆறாவது ஆளின் எண் 7.6. எனக்கு அது தெரியும். ரிவ்யூவருக்குத் தெரிய வழியில்லை. நான் கொடுத்த காரணத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தப் பக்கம் அரை கிரவுண்டு மனை வாங்குகிறவர்கூட மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். யார் யாருக்கு விற்றார்கள், நடுவில் அடமானம் ஏதும் உண்டா, அளவு எங்கே மாறியது என்று வக்கீல் வரி வரியாகப் படிப்பார். என் முந்நூறு மரபணுக்களுக்கு யாரும் மூலப்பத்திரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் கொடுக்க எதுவும் இருந்திருக்காது.

கேட்ட முதல் ஆள் எனக்குப் பின்னால் ஆய்வுக்குச் சேர்ந்த மாணவி. ஆவடியிலிருந்து வருகிற பெண். என் பட்டியலில் சில மரபணுக்களை எடுத்து, புதுச் சாம்பிள்களில் ஒவ்வொரு மரபணுவாக அளக்கும் க்யூபிசிஆர் செய்து உறுதிப்படுத்துவது அவருக்குக் கொடுத்த வேலை. பிரைமர் வாங்கி, ரீஏஜென்ட் செலவழித்து, ஒன்றும் சரியாக வராமல் கடைசியில் என்னிடம் வந்தார்.

"அண்ணா, டேபிள் ஒண்ணுல இந்த ஜீன் ஏறியிருக்கு, சப்ளிமென்டரில இறங்கியிருக்கு. எதை எடுத்துக்கட்டும்?"

பார்த்தேன். அவர் சொன்னது சரி.

"ஸ்க்ரிப்ட் குடுத்தீங்கன்னா நானே ஓட்டிப் பார்த்துக்கிறேன்."

முழு ஸ்க்ரிப்ட் என்று ஒன்று இல்லை. லினக்ஸ் தட்டிய கட்டளைகளை நினைவில் வைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் ஹிஸ்டரியைத் திறந்தேன். உபுண்டு அந்தக் கோப்பில் வழக்கமாக இரண்டாயிரம் வரிக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. புதியது சேரச் சேரப் பழையது உதிர்ந்துவிடும். என் கட்டளைகள் எப்போதோ உதிர்ந்து போயிருந்தன. மரபணுக் குறிப்பில் எந்த வெளியீட்டைப் பயன்படுத்தினேன் என்பதும் மறந்துவிட்டது. அதற்கு மட்டும் ஒரு துப்பு கிடைத்தது, அதுவும் இன்னொரு அசிங்கத்தின் வழியாக. இணைப்பு அட்டவணையில் மரபணுப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதிகள் இருந்தன. மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும். எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இந்தத் தப்போடு வந்திருப்பதாக 2016-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தத் தொல்லை தாங்காமல் 2020-ல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே அவற்றின் பெயரை மாற்றிவிட்டது. என் பட்டியலில் தேதி இருக்கிறது என்றால் அதற்கு முந்தைய பழைய குறிப்புக் கோப்பைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். என்னுடைய வேலையை நானே போலீஸ்காரன்போல மோப்பம் பிடிக்க வேண்டியதாயிற்று.

ஃபீச்சர்கவுண்ட்ஸ் ஒன்றுதான் நான் கேட்காமலேயே எழுதி வைத்திருந்தது. அது தரும் எண்ணிக்கைக் கோப்பின் முதல் வரியில் தன் பதிப்பு எண்ணையும், என்ன கட்டளை கொடுக்கப்பட்டது என்பதையும் போட்டுவிடும். மாணவி அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். அதில் பன்னிரண்டு கோப்புகளின் பெயர்கள் இருந்தன. பிறகு கோப்புறைக்குள் தேடி ரின் அறிக்கையையும் எடுத்துவிட்டார்.

"ஆறாவது ஆளோடது ஏழரைக்கு மேல இருக்கேண்ணா. ஏன் எடுத்தீங்க?"

அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

அன்றிரவு செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஃபாஸ்ட்க்யூ கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரிகள். இரண்டாவது வரியில் எழுத்துகள், நான்காவதில் தரம். முதல் வரி தலைப்பு: எந்த இயந்திரம், எத்தனையாவது ஓட்டம், எந்த ஃப்ளோசெல், அதில் எந்த லேன் என்று வரிசையாக எழுதியிருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. ஆனால் ஒரு பெரிய ஆய்வையே அந்த ஒரு வரி ஆட்டம்காண வைத்திருக்கிறது. மனிதத் திசுக்களையும் எலித் திசுக்களையும் ஒப்பிட்டு, மனித இதயம் எலி இதயத்தைவிட மனிதனின் மற்ற உறுப்புகளோடுதான் கூடுதலாக ஒத்துப்போகிறது என்கிற மாதிரியான முடிவு 2014-ல் வந்தது. மறு ஆண்டே சிகாகோ பல்கலைக்கழகத்தின் யோவ் கிலாடும் ஓர்னா மிஸ்ராஹி-மானும் அந்தத் தரவை இறக்கித் தலைப்பு வரிகளைப் பார்த்தார்கள். மனிதத் திசுக்களும் எலித் திசுக்களும் பெரும்பாலும் தனித்தனி ஓட்டங்களில் படிக்கப்பட்டிருந்தன. அந்த வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இதயம் இதயத்தோடும் கல்லீரல் கல்லீரலோடும் போய்ச் சேர்ந்தன.

என் தலைப்பு வரிகளும் அதையே சொல்லின. ஐந்து நோயாளிகள் ஓர் ஓட்டம். நலமானவர்கள் ஆறு பேரும் இன்னோர் ஓட்டம். ஆறாவது நோயாளி நலமானவர்களோடு ஒரே ஓட்டத்தில் இருந்தார். அதன்பிறகுதான் நினைவு வந்தது. பணம் தவணையாக வந்ததால் முதல் நிதியில் ஐந்து பேரை அனுப்பினோம். ஞானப்பல் எடுக்க வந்தவர்களிடமிருந்து நலமான திசு பிறகே கிடைத்தது. அதை அனுப்பும்போது தாமதமாகச் சேர்ந்த ஆறாவது ஆளையும் கூட வைத்து அனுப்பினோம். வேறு நாள், வேறு கிட், வேறு கை, வேறு ஓட்டம் என்றாலே எண்ணிக்கைகள் நகர்ந்துவிடும். நான் நோயின் வித்தியாசம் என்று எழுதியதில் எவ்வளவு நோயால் வந்தது, எவ்வளவு ஓட்டத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தவர் அவர் ஒருவரே. அவர் போய் விழுந்த இடமே எனக்குக் கொடுத்த எச்சரிக்கை. அவரைத்தான் வெளியே தள்ளியிருக்கிறேன். தள்ளிய பிறகு நோயும் ஓட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாதபடி. முந்நூறு மரபணுக்கள் வந்ததற்கு அர்த்தம் அதுதான்.

ஊரெல்லாம் நடக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழி இருக்கிறது. 2009-ல் ஜான் அயோனிடிஸும் சகாக்களும் நேச்சர் ஜெனெடிக்ஸில் வந்த மரபணு வெளிப்பாட்டை அளந்த 18 மைக்ரோஅரே கட்டுரைகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். கொள்கையளவில் அப்படியே திரும்ப வந்தவை இரண்டு. ஆனால் ஊரோடு ஒத்துப்போவதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வேலூரில் மருத்துவம் படித்து அமெரிக்கா போன அனில் பொட்டி, டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து கேட்கும் என்பதை மரபணு வெளிப்பாட்டை வைத்துச் சொல்லிவிடலாம் என்று 2006-ல் சகாக்களோடு நேச்சர் மெடிசினில் எழுதினார். ஹூஸ்டனில் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்க்க உட்கார்ந்தார்கள். செய்முறை கைக்கு வராததால் முடிவுகளிலிருந்து பின்னோக்கி நடந்து தப்புகளைத் தோண்டினார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரிசை தள்ளிப் போயிருந்தது. மருந்து கேட்கும், கேட்காது என்ற பெயர்கள் இடம் மாறியிருந்தன. இதற்குள் அந்த முறையை நம்பி நோயாளிகளைச் சேர்த்து மருத்துவப் பரிசோதனைகளே தொடங்கிவிட்டன. 2010-ல் அவை நிறுத்தப்பட்டன, 2011-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, 2015-ல் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் பொட்டிமீது குற்றம் கண்டது. பெயர்கள் இடம் மாறுவது எப்படி என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எக்செல்லில் மைனஸ் ஒன்றால் பெருக்கியவன் நான்.

இதற்கு நேர்மாறாக வேலை செய்தவர்கள் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்திருக்கிறார்கள். திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன், 1968-ல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றி பி.சி.ஜி. தடுப்பூசியைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள்; சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது போனது என்பது குறியீட்டுக்குள் இருந்தது. ஊசி போட்டவருக்கும் தெரியாது, பின்னால் நோயைக் கண்டறிந்தவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டுகள் கண்காணித்து 1979-ல் முதல் அறிக்கை வந்தபோது, நுரையீரல் காசநோய்க்கு எதிராக அந்தத் தடுப்பூசி பாதுகாப்புத் தரவில்லை என்றது. யாரும் விரும்பிய முடிவு இல்லை. 1999-ல் வந்த பதினைந்து ஆண்டு அறிக்கையும் அதையே சொன்னது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுகிறார்கள், அது வேறு கணக்கு. என் கவனம் போவது அந்த ஏற்பாட்டின் மேல். தங்கள் ஆசை தங்களை ஏமாற்றிவிடக் கூடாது என்று முன்கூட்டியே கையைக் கட்டிக்கொண்டுதான் அவர்கள் வேலையில் இறங்கினார்கள். நான் கையை அவிழ்த்துவிட்டிருந்தேன்.

மாணவியிடம் மறுநாள் உண்மையைச் சொன்னேன். அவர் எதுவும் சொல்லவில்லை. முதலிலிருந்து செய்யலாமா அண்ணா என்று மட்டும் கேட்டார். இருவரும் உட்கார்ந்து ஸ்நேக்மேக்கில் எழுதினோம். 2012-ல் யோஹானஸ் கோஸ்டரும் ஸ்வென் ராஹ்மானும் ஜெர்மனியில் உருவாக்கிய இலவச மென்பொருள் அது. நெக்ஸ்ட்ஃப்ளோ என்று இன்னொன்றும் இருக்கிறது, ஆர்.என்.ஏ. வேலைக்கு அதில் ஆயத்தமாகவே பைப்லைன் கிடைக்கும். எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். இந்தக் கோப்பு உள்ளே போனால் அந்தக் கோப்பு வெளியே வர வேண்டும், நடுவில் ஓடும் கட்டளை இது என்று படிக்கு ஒரு விதி எழுதி வைக்க வேண்டும். எந்த விதி முதலில், எது பிறகு என்பதை அது பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒன்றை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் திரும்ப ஓட்டும், சாராததைத் தொடாது.

சாம்பிள் அட்டவணை ஒன்று போட்டோம். எண், கூட்டம், ஆணா பெண்ணா, ரின், இயந்திர ஓட்டம், சேர்ப்பா விலக்கா, விலக்கினால் ஏன். கடைசி இரண்டு நெடுவரிசைகளைத் தட்டும்போது எனக்குக் கை கூசியது. மென்பொருள்களின் பதிப்பு எண்களை ஒரு கோண்டா கோப்பிலும், மரபணுத் தொகுதி, குறிப்பு வெளியீடு, வெட்டு எண் எல்லாவற்றையும் இன்னொரு கோப்பிலும் வைத்தோம். வேறு கணினியிலும் அதே சூழல் கிடைக்கும்படி ஒரு கன்டெய்னரில் அடைத்தோம். மாற்றம் ஒவ்வொன்றும் தேதியோடு, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' மென்பொருளில் ஏறியது. எக்செல் பக்கம் போகவே இல்லை. அட்டவணைகளும் படங்களும் நிரலிலிருந்தே வந்தன. எல்லாம் முடிந்ததும் மாணவி முடிவுகள் இருந்த கோப்புறையை முழுக்க அழித்தார். எனக்குத் திக்கென்றது. ஒரே ஒரு கட்டளை கொடுத்தார். காலையில் வந்து பார்த்தபோது எல்லாம் திரும்ப வந்திருந்தது. இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியவில்லை. உங்கள் முடிவுகளை அழிக்கத் துணிச்சல் வரவில்லை என்றால் உங்களிடம் செய்முறை இல்லை என்று அர்த்தம்.

ஆறாவது ஆளையும் சேர்த்து, ஓட்ட வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்து ஓட்டியதில் தேறியவை ஒன்பது மரபணுக்கள். அந்த ஒன்பதும் ஒரே ஓர் ஆளின் மேல் பெரும்பாரத்தை ஏற்றி நிற்பவை என்பதால் அடித்துச் சொல்லவும் முடியாது. உண்மையில் அந்த ஆய்வில் இருந்தது அவ்வளவுதான்.

செய்முறையை எழுதி வைத்ததால் நான் யோக்கியனாகிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். தப்பான கணக்கையும் அச்சுப் பிசகாமல் ஆயிரம் முறை திரும்ப ஓட்டலாம். ஸ்நேக்மேக்கில்கூட ஆறாவது ஆளை விலக்கு என்று ஒரு வரி எழுதியிருக்க முடியும். ஆனால் அந்த வரி அங்கேயே இருக்கும், தேதியோடு, என் பெயரோடு, யார் கண்ணிலும் படும்படி. பொய் சொல்வதை அது தடுக்காது; பொய்யைக் கண்டுபிடிக்கும்படி வைக்கும். நான் அத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு நேரமில்லை, யாரும் சொல்லித் தரவில்லை, நான் அடிப்படையில் திசு வெட்டுகிறவன் என்றெல்லாம் காரணம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் சாக்கு. எழுதாமல் இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. எந்த முடிவையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், மாற்றியது யாருக்கும் தெரியாது, கொஞ்ச நாளில் எனக்கே தெரியாது.

என் ஆய்வை வழிநடத்திய கைடிடம் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "லெட்டர் எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றார். ஜர்னலுக்குக் கடிதம் போயிருக்கிறது. ரின் எண், விலக்கியதன் உண்மையான காரணம், இயந்திர ஓட்டங்களின் விவரம், குறி மாறிய அட்டவணை எல்லாம் அதில் இருக்கிறது. திருத்தம் போடுவதா, கட்டுரையையே திரும்பப் பெறுவதா என்பது ஆசிரியர் குழுவின் முடிவு. என்னைக் கேட்டால் திரும்பப் பெறுவதுதான் சரி என்று கடிதத்திலேயே எழுதிவிட்டேன். மாணவிக்கு வீணான மாதங்களுக்கும் ரீஏஜென்டுக்கும் நான் ஈடு எதுவும் கொடுக்க முடியாது. ஆறாவது ஆளின் பெயர் எனக்குத் தெரியாது, எண்தான் தெரியும். திறக்கவே வலிக்கிற வாயைத் திறந்து, தன் நோய்க்கு இதனால் உடனடி லாபம் எதுவும் இல்லை என்று சொல்லியும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கன்னத்தில் வெட்டக் கொடுத்தவர். அவருக்கு நான் செய்ததுதான் இதில் பெரிய துரோகம்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாம்பிளை அனுப்பும் முன்பே இரண்டு கூட்டத்தையும் கலந்து அனுப்புங்கள்; பணம் தவணையாக வந்தால் ஒவ்வொரு தவணையிலும் இரண்டு பக்கமும் இருக்கட்டும். முதல் கட்டளையைத் தட்டும் முன் கிட்டைத் திறங்கள். யாரையாவது விலக்கினால் முடிவைப் பார்ப்பதற்கு முன் காரணத்தை எழுதுங்கள். பார்த்த பிறகு எழுதுகிற காரணம் காரணம் இல்லை. கைடுகளுக்கும் ஒன்று. மாணவர் அழகான படத்தோடு வந்து நிற்கும்போது படத்தைப் பாராட்டாதீர்கள். கோப்புறையைக் கேளுங்கள், உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள், திரும்ப வருகிறதா என்று பாருங்கள். என் கைடு அப்படி ஒருமுறை கேட்டிருந்தால் அந்தக் கட்டுரை வந்தே இருக்காது.